கொடைக்கானல் ஏறுமா?

மதுரை, திண்டுக்கல், பெரியகுளம் பக்கங்களில் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஒரு காலத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்பதில்லை. அந்த மீட்டரை யாரும் நம்பியதில்லை. பல வண்டிகளில் அது ஓடியதும் இல்லை. அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "கொடைக்கானல் ஏறுமா?" "நிக்காம ஏறும்" என்று பதில் வந்தால் ஒரு விலை. "நடுவுல ஒரு தடவை ஆறவெச்சு ஏத்திக்கலாம்" என்றால் இன்னொரு விலை. விற்கிறவர் பேச்சை மாற்றினால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட வேண்டியதுதான்.

நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சு வழியில் படித்து, அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் தள்ளியவன். என் அக்காவை வத்தலக்குண்டில் கட்டிக் கொடுத்ததால் அந்த மலைச்சாலை எனக்கு ஏறக்குறைய ஐம்பது வருடப் பழக்கம். அந்தச் சாலையையும், அதில் ஏறிய பழைய குடும்பக் கார்களையும் பற்றி நினைவில் இருப்பதையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

சாலை வந்த கதை

கொடைக்கானலில் அமெரிக்கப் பாதிரிமார்கள் வீடு கட்டிக் குடியேறியது 1845இல். கார் போகும் சாலை வருவதற்கு அதற்குப் பிறகு எழுபது ஆண்டுகள் ஆகின. 1875இல் ரயில் அம்மையநாயக்கனூருக்கு வந்தது. அந்த ஸ்டேஷனுக்கே 'கொடைக்கானல் ரோடு' என்று பெயர் வைத்தார்கள். பெயரை நம்பி இறங்குகிறவருக்குக் கொடைக்கானல் இன்னும் 80 கி.மீ. தூரம். அங்கிருந்து மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கத்து மலையடிவாரத்துக்குப் போய், பிறகு குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலோ, சொந்தக் காலிலோ ஏற வேண்டும்.

வத்தலக்குண்டு வழியான சாலையைத் திட்டமிட்டவர் மேஜர் லா என்ற பொறியாளர். 1870களின் நடுவில் வேலை தொடங்கியது. உடனே 1876-78 தாது வருடப் பஞ்சம் வந்தது. பணம் வேறு பக்கம் போய்விட்டது. இழுத்து இழுத்து 1914இல்தான் பொதுப் போக்குவரத்துக்குத் திறந்தார்கள். அவர் பெயராலேயே அது லாஸ் காட் ரோடு. எங்கள் அலுவலகத்தில் சில கோப்புகள் நத்தை போல நகர்ந்தபோதெல்லாம் நான் இந்தச் சாலையை நினைத்து ஆறுதல் அடைந்ததுண்டு.

இந்தச் சாலை காரை என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வத்தலக்குண்டு கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் 1,800 மீட்டர் ஏற வேண்டும். காமக்காபட்டி தாண்டியதும் தொடங்கும் ஏற்றம் பெரிதாக விடுவதே இல்லை. அடிவாரத்தில் கோடையில் வெயில் கொளுத்தும்; மேலே போகப் போகக் காற்று மெலியும். கொடைக்கானலில் காற்றின் அடர்த்தி அடிவாரத்தில் இருப்பதைவிட நன்றாகக் குறைவு. கார்புரேட்டர் காலத்து என்ஜின் மேலே போய்ச் சேரும்போது தன் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கும். காற்று குறைந்ததால் பெட்ரோல் அதிகமாகிக் கறுப்புப் புகை வரும். தண்ணீரும் அங்கே 100 டிகிரியில் கொதிப்பதில்லை. 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால்தான் டம்டம் பாறை அவ்வளவு பிரசித்தம். அங்கிருந்து தலையாறு அருவி, வெள்ளைக்காரர்கள் எலிவால் அருவி என்று பெயர் வைத்தது, தூரத்தில் தெரியும். ஆனால் அந்தக் காலத்தில் அருவி பார்க்க நின்றவர்களைவிட பானெட்டைத் திறந்து வைத்து நின்றவர்கள்தான் அதிகம். கார் நின்றதும் பின் சக்கரத்துக்கு ஒரு கல் வைப்பார்கள். பெட்ரோல் பம்ப் சூடேறி உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் என்ஜின் இழுக்காது. அதற்கு மருந்து ஈரத்துணி. பம்பின் மேல் துணியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் காத்திருந்தால் வண்டி கிளம்பும். என் அக்கா எந்தப் பயணத்துக்கும் ஒரு பழைய துண்டையும் ஒரு குடம் தண்ணீரையும் எடுத்து வைப்பாள். இட்லிப் பொட்டலம் அதற்கு அப்புறம்தான்.

வண்டி வழியில் நின்றுபோவதைப் பிரெஞ்சில் 'ஆன் பான்' என்று சொல்வார்கள். அது கப்பல்காரர்களின் சொல். பாய்களைத் திருப்பிக் கட்டிக் கப்பலை நடுக்கடலில் நிறுத்தி வைப்பதற்கு அந்தப் பெயர். டம்டம் பாறையில் வரிசையாக பானெட் தூக்கி நின்ற கார்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல் நினைவுக்கு வரும்.

ஏன் எல்லோரும் பழைய காரே வாங்கினார்கள்?

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது விளங்குவது கஷ்டம். பணம் இருந்தாலும் புதிய கார் கிடைக்காது. 1970களில் நாடு முழுவதும் ஒரு வருடத்தில் தயாரான கார்கள் சுமார் முப்பதாயிரம் முதல் நாற்பதாயிரம். அவற்றை யாருக்கு, எப்படி விற்பது என்பதற்கே 1959இல் மத்திய அரசு ஒரு கட்டுப்பாட்டு ஆணை போட்டிருந்தது. முன்பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கைக்கு வந்த புதுக் காரை மறுநாளே கூடுதல் விலைக்குக் கேட்க ஆள் இருந்தது. நாலைந்து வருடம் ஓடிய ஃபியட்டைக் கிட்டத்தட்ட வாங்கிய விலைக்கே விற்றவர்களை எனக்குத் தெரியும். பிரெஞ்சில் பழைய காரை 'ஒக்காஸியோன்' கார் என்பார்கள். சந்தர்ப்பம், நல்ல வாய்ப்பு என்று அதற்கு அர்த்தம். நம் நாட்டில் அந்தச் சொல் அப்படியே பொருந்தியது.

அரசு ஊழியர்களுக்கு மோட்டார் கார் முன்பணம் உண்டு. ஆனால் அது சம்பளத் தகுதியைப் பொறுத்தது. அதிகாரிகளுக்குக் கார், எங்களைப் போன்ற எழுத்தர்களுக்கு சைக்கிள். முன்பண விண்ணப்பங்களில் குறிப்பு எழுதி மேலே அனுப்பியவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குப் பழைய கார் என்பது மகளின் கல்யாணத்துக்கு அடுத்த பெரிய செலவு. அது ஏமாற்றினால் தாங்க முடியாது.

புதிய காரின் தரமும் அப்போது சந்தேகத்துக்கு உரியதுதான். போட்டி இல்லாததால் கதவு சரியாகப் பொருந்தாத கார், மழை ஒழுகும் கார் என்று புகார்கள் வந்தபடி இருந்தன. கார்களின் தரத்தை விசாரிக்க 1967இல் மத்திய அரசு ஒரு குழுவையே நியமித்தது. "புதுக் கார் வாங்கினால் அதன் குறைகளை நீயே கண்டுபிடித்துச் சரி செய்ய வேண்டும்; பழைய கார் என்றால் முதல் முதலாளி அந்த வேலையை முடித்திருப்பார்" என்று என் அத்தான் சொல்வார். அதில் பாதிக்கு மேல் உண்மை இருந்தது.

மூன்று கார்கள்

சந்தையில் இருந்தவை பெரும்பாலும் மூன்றே. ஒவ்வொன்றுக்கும் மலையில் ஒரு குணம்.

அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வாரிசு. கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் 1950களின் கடைசியிலிருந்து தயாரானது. 1489 சி.சி. என்ஜின், கனமான உடம்பு. இரண்டு பெரியவர்கள் முன்னால் டிரைவரோடு உட்காரலாம்; பின்னால் உட்கார்ந்தவர்களை யாரும் எண்ணியதில்லை. மலையில் மெதுவாக, உறுமிக்கொண்டு, ஆனால் ஏறிவிடும். ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த கியர்க் கம்பி தேய்ந்துபோய், இரண்டாவது கியரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் பழைய அம்பாசடர்காரர்களின் பொதுப் புலம்பல்.

ஃபியட் 1100, பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்தது. பின்னால் பத்மினி என்று பெயர் மாறியது. 1089 சி.சி. எடை குறைவு, பெட்ரோல் செலவும் குறைவு. வளைவுகளில் சுலபமாகத் திரும்பும். டாக்டர்களும் வக்கீல்களும் இதைத்தான் தேடினார்கள். நாலு பேரோடு நன்றாக ஏறும். ஏழு பேரும் பலாப்பழமும் ஏற்றினால் கோபித்துக்கொள்ளும்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நம்ம ஊர்ப் பிள்ளை. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி செய்தது. 948 சி.சி.தான். ஆனால் முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, முன்னோக்கித் திறந்துகொள்ளும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம். 25 அடிக்குள் திரும்பிவிடும் என்பதால் கொண்டை ஊசி வளைவுகளில் அதற்கு ஈடு இல்லை. உடம்பைப் போல்ட் போட்டு இணைத்திருப்பதால் வயதாக ஆகக் கடகடவென்று சத்தம் வரும். அதனால் பழைய சந்தையில் விலை குறைவு.

இவற்றுக்கு வெளியே, தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காபித் தோட்டக்காரர்கள் ஜீப் வைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ராணுவம் கழித்துவிட்ட 'டிஸ்போசல்' ஜீப்புகள்தான் அந்த வழக்கத்துக்குத் தொடக்கம்.

இவற்றில் அம்பாசடரும் ஃபியட்டும் இருபது, முப்பது ஆண்டுகளாகப் பெரிய மாற்றம் இல்லாமல் வந்துகொண்டிருந்தன. புத்திசாலிகள் இதைத் தேக்கம் என்று எழுதினார்கள், அது சரிதான். ஆனால் பழைய கார் வாங்குகிறவருக்கு இந்தத் தேக்கமே காப்பீடாக இருந்தது. ஒரு காரில் என்ன கெடும், எப்போது கெடும், என்ன செலவாகும் என்பது வத்தலக்குண்டு பட்டறையில் எடுபிடியாக இருந்த பையனுக்கே தெரியும். சிலிண்டர் தேய்ந்து ஆயில் குடித்தால் ரீபோர் செய்யலாம். இரண்டு மூன்று முறை செய்தபின் ஸ்லீவ் போடலாம். மதுரையில் கிடைக்காத பாகம் இல்லை. டி.வி. சுந்தரம் ஐயங்கார் அங்கே பஸ் தொழிலை ஆரம்பித்த நாளிலிருந்தே அது மோட்டார் பாகங்களுக்கு ஊற்றுக்கண். பத்து வயதுக் காரும் நம்பகமாக ஓடியதற்குக் காரணம் இந்த ஊரறிந்த அறிவுதான். பேக்டரியிலிருந்து வந்த நம்பகம் கொஞ்சம். பட்டறையிலும் வீட்டு வாசலிலும் உண்டான நம்பகம் அதிகம்.

இறக்கம்

ஏறுவதைப் பற்றியே எல்லோரும் கேட்டார்கள். மெக்கானிக்குகள் கவலைப்பட்டது இறங்குவதைப் பற்றி.

1981 மே மாதம் அத்தான் ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். எந்தக் கம்பெனி என்பதை விட்டுவிடுகிறேன். குற்றம் கம்பெனியுடையது அல்ல. புதுப் பெயிண்ட், புது சீட் உறை, கண்ணாடி போல இருந்தது. கொடைக்கானலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஏழு பேர் இருந்தோம். அக்காவின் இரண்டு குழந்தைகள் மடியில். கூலிக்கு வந்த டிரைவர் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று வெள்ளி நீர்வீழ்ச்சி தாண்டியதிலிருந்து நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மிதித்து மிதித்து இறக்கினார். பெருமாள்மலை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கருகல் வாடை. ஊத்து வருவதற்குள் பெடல் தரையோடு போய்விட்டது. அந்த மனிதர் பதறாமல் மூன்றாவது, பிறகு இரண்டாவது கியருக்குத் தள்ளி, கை பிரேக்கையும் இழுத்து, மலை ஓரத்து வாய்க்காலில் இடது சக்கரத்தை இறக்கி நிறுத்தினார். எதிர்ப்பக்கம் பள்ளம். ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. குழந்தைகள்கூட அழவில்லை.

மறுநாள் வத்தலக்குண்டு மெக்கானிக் பிரேக் ஆயிலைத் திறந்து காட்டினார். காபி டிகாக்‌ஷன் நிறம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேரக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கொதித்தால் குழாயில் குமிழி. குமிழி இருந்தால் பெடல் காலியாக இறங்கும். விற்றவர் பெயிண்டுக்குச் செய்த செலவில் இருபதில் ஒரு பங்கு அந்த ஆயிலுக்குச் செய்திருந்தால் போதும். "அண்ணே, எந்தக் கியர்ல ஏறுறீங்களோ அதே கியர்ல எறங்குங்க. பிரேக்கு நிறுத்துறதுக்கு, எறக்குறதுக்கு இல்ல" என்றார் அந்த மெக்கானிக். மலைச்சாலை பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லக் கேட்டிருக்கிறேன். இதைவிட நல்ல வாக்கியம் கேட்டதில்லை.

1983க்குப் பிறகு

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி ஒருவரிடம் கொடுத்தார். விலை 47,500 ரூபாய். 796 சி.சி. என்ஜினைப் பார்த்து "இது தையல் மிஷின், மலை ஏறுமா?" என்று வத்தலக்குண்டில் சிரித்தார்கள். எடை குறைவான அந்தக் கார் டம்டம் பாறையில் நிற்காமலேயே போனபோது சிரிப்பு நின்றது. அடுத்த வருடம் வந்த மாருதி வேன் சில ஆண்டுகளில் கொடைக்கானல் டாக்சி ஸ்டாண்டையே பிடித்துக்கொண்டது. 2000க்குப் பிறகு கார்புரேட்டர் போய், கணினி பெட்ரோலை அளந்து தெளிக்கும் முறை வந்தது. உயரத்துக்குத் தக்கபடி அதுவே சரி செய்துகொள்கிறது. ஈரத்துணிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இதனால் ஒரு புது ஆபத்தும் வந்தது. பழைய டிரைவர்கள் சிலர் இறக்கத்தில் என்ஜினையே அணைத்துவிடுவார்கள். பூஸ்டர் இல்லாத பழைய பிரேக்கில் அது ஓரளவு தப்பிக்கக்கூடிய தவறு. பூஸ்டர் உள்ள காரில் என்ஜின் அணைந்தால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். சாவியை முழுக்கத் திருப்பிவிட்டால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும். கார் மாறியது, பழக்கம் மாறவில்லை.

பழைய கார் வியாபாரமும் மாறிவிட்டது. 2001இல் மாருதியே 'ட்ரூ வேல்யூ' என்று பழைய கார்க் கடை திறந்தது. இன்று வாங்குகிறவர் சர்வீஸ் புத்தகத்தைக் கேட்கிறார்; காரைத் திறந்து பார்ப்பதில்லை. பார்த்தாலும் தெரியாதபடி எல்லாம் மூடி வைத்திருக்கிறார்கள். பட்டறையில் இருந்த அறிவு இப்போது காகிதத்துக்கு வந்துவிட்டது. காகிதம் என் துறை என்பதால் இரண்டு வார்த்தை சொல்கிறேன்.

பழைய காரை விற்றால் 29, 30ஆம் எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டதோடு வேலை முடிந்துவிடாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும். பலர் செய்வதில்லை. பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் விற்றுப் பல கை மாறிய கார் மலையில் யார் மீதோ மோதினால் சம்மன் உங்கள் வீட்டுக்கு வரும். பதினைந்து வயது முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க இருந்த 600 ரூபாய் கட்டணமும் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆகிவிட்டது. பத்துப் பதினைந்து வயதுக் காரை விலை பேசும்போது இதையும் கணக்கில் சேருங்கள்.

அம்பாசடர் 2014 மே மாதத்தோடு நின்றுபோயிற்று. 2017இல் அந்தப் பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது பிரெஞ்சுக் கம்பெனியான பெஜோ. புதுச்சேரிக்காரனான எனக்கு அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. காரை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கும் அது ஒரு 'ஒக்காஸியோன்' போலும்.

2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்குப் போக இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு கார்கள் ஏறுகின்றன. ஏறுமா என்ற கேள்விக்கு இப்போது அர்த்தமில்லை, எல்லாம் ஏறும். இறங்குமா என்பதை மட்டும் இன்றைக்கும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கார் வாங்கினால் பெயிண்டைப் பார்க்கும் முன் பிரேக் ஆயிலை மாற்றுங்கள், டயர்களின் வயதைப் பாருங்கள், பதிவுப் புத்தகத்தை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பிறகு குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு, ஏறிய கியரிலேயே இறங்கி வாருங்கள்.

உங்கள் வீட்டில் மலை ஏறிய பழைய கார் எதுவாவது இருந்திருந்தால் அதன் கதையை எழுதி அனுப்புங்கள். ஈரத்துணிக் காலத்து ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறோம்.